ஆறாவது சுருள்

ஹைஃபா,
3 மே 1987

அன்புள்ள ஹெனெக் அண்ணாவுக்கு,

பேலா எழுதுகிறேன். நானும் என் மகள் ஓர்னாவும் அவள் பிள்ளைகளும் சுகம். உன் இரத்த அழுத்தமும் அண்ணியின் முழங்காலும் எப்படி? பல்செட் செய்யும் கூடத்துக்கு நான் இப்போது வாரம் மூன்று நாள்தான் போகிறேன். மீதி நாள் ஹைஃபாக்காரர்கள் கஞ்சி குடிக்கட்டும்.

போன ஞாயிறு, கொல்லப்பட்ட நம்மவர்களின் நினைவு நாள். தொலைக்காட்சியில், நம்மை மதிலுக்குள் அடைத்து வைத்திருந்த கெட்டோவைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது திரையில் நான் வந்தேன், அண்ணா. நானேதான். பதினெட்டு வயது, தலையில் தொப்பி, முன்னால் தட்டில் வாத்துக்கறி, வாய் நிறையச் சிரிப்பு. அப்புறம் ஒரு மனிதரோடு கைகோத்து உணவு விடுதியிலிருந்து வெளியே வருகிறேன். வாசலில் பிச்சை கேட்கும் குழந்தையைத் திரும்பியும் பார்க்காமல் போகிறேன். ஆறு விநாடி இருக்கும். பின்னால் ஒரு குரல் சொல்கிறது: “மதிலுக்குள்ளும் வசதியானவர்கள் இருந்தார்கள்.”

மறுநாள் காலை படிக்கட்டில் பக்கத்து வீட்டு ஃப்ரீடா நிற்கிறாள், கையில் குப்பைப் பையோடு. “பேலா, நேத்து டிவியில உன்னை மாதிரியே ஒருத்தி. அச்சு அசல். என்னமா வெட்டுறா! அங்க பட்டினி கிடந்தோம்னுல்ல சொன்ன?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்திரண்டு மே மாதம். தையல்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தெம்பாகத் தெரிய வேண்டுமே என்று பீட்ரூட் துண்டைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு போனேன். அந்தச் சிவப்பே வினையாகிவிட்டது. தெருமுனையில் சினிமா கேமராவோடு மூன்று ஜெர்மன்காரர்கள். ஒருவன் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். “இவ போதும்” என்றான். விடுதிக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னொருத்தி தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி எனக்கு வைத்தார்கள். எதிரே இரவல் கோட்டுப் போட்ட ஒரு மனிதர். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாம். சிரித்துக்கொண்டே சாப்பிடச் சொன்னார்கள். பதினொரு மாதம் கறியைக் கண்ணால் காணாத வயிறு, குமட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் உதட்டை அசைக்காமல் சொன்னார்: “வாந்தி எடுத்துராதம்மா. எடுத்தா தொலைஞ்சோம்.”

பிறகு கதவைத் திறந்து வெளியே வரச் சொன்னார்கள். அந்தக் குழந்தையைப் பார்க்காமல் போக வேண்டும். ஐந்து தடவை எடுத்தார்கள். முதல் தடவை பார்த்துவிட்டேன். சவுக்குக் காம்பு முதுகில் இறங்கியது. அப்புறம் நான்கு தடவையும் பார்க்கவில்லை. உலகம் நாற்பத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த நான்கில் ஒன்றை.

தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி செய்தேன். ஒரு பையன் எடுத்தான். “அம்மா, அது ஆவணக் காப்பகத்துல இருந்து வந்த படம். அசல்” என்றான்.

“அசல்தாண்டா பேசுறேன்” என்றேன். வைத்துவிட்டான்.

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன், என் பெயரையும் முகவரியையும் போட்டே.

அண்ணியும் நீயும் நூற்றிருபது வயது வரை இருக்க வேண்டும்.

உன் தங்கை
பேலா


மால்மோ,
14 மே 1987

அன்புத் தங்கை பேலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நலம். குன்வோருக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள், அதைத் தெருவெல்லாம் சொல்லியும் வருகிறாள். எங்கள் தோட்டத் துண்டில் உருளைக்கிழங்கு முளைவிட்டிருக்கிறது.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீ பட்டது கொஞ்சமல்ல. ஆனாலும் அண்ணன் என்ற உரிமையில் சொல்கிறேன், இதோடு விட்டுவிடு. பச்சை ரிப்பன் தொப்பி வைத்த ஒரு பெண்ணை இத்தனை வருஷம் கழித்து யார் அடையாளம் காணப்போகிறார்கள், உன் ஃப்ரீடாவைத் தவிர? அவளுக்கு ஒரு கேக் செய்து கொடு, வாயை மூடிக்கொள்வாள். தூர்ந்த கிணற்றைத் தோண்டினால் தண்ணீர் வராது, சேறுதான் வரும்.

நமக்கு வயதாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

ஹெனெக்


ஹைஃபா,
30 ஜூன் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். ஓர்னாவின் சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது.

ஃப்ரீடாவுக்குக் கேக் எல்லாம் கிடையாது. பத்திரிகையில் வந்த என் கடிதத்தை வெட்டி அவள் கதவில் ஒட்டினேன். இரண்டு நாள் கிழிக்காமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் வந்து, “நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன்” என்றாள். “அவங்களும் சினிமாதான் எடுத்தாங்க” என்றேன். பிறகு காப்பி கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

இன்னொரு செய்தி. ஹாம்பர்க்கிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பெயர் ரேனாட்டெ. ஆவணப்படம் எடுக்கிறவள். அந்தப் படத்தின் நறுக்கிப்போட்ட மிச்சங்கள் ஒரு கிடங்கில் கிடந்தனவாம், எட்டுச் சுருள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தது அதில் அப்படியே இருக்கிறதாம். அதை வைத்து அந்தப் படம் முழுதும் நாடகம் என்று காட்டப் போகிறாள். வரச் சொல்லிவிட்டேன். ஜெர்மன்காரியை வீட்டுக்குள் விடுவதா என்று ஓர்னா குதிக்கிறாள்.

நீயும் வாயேன், அண்ணா. முகங்களை நான் மறந்துவிட்டேன். உனக்குத்தான் தெருவில் ஒவ்வொருவர் பெயரும் தெரியும். கிடங்கில் மூட்டை தூக்கிய நாட்களில் அவர்கள் படமெடுத்ததை நீ பார்த்ததில்லையா?

ஆமாம், ரிப்பன் பச்சை என்று எப்படி எழுதினாய்? படம் கறுப்பு வெள்ளை. பச்சைதான், ஆனால் நான் சொன்னதாக நினைவில்லை. நாற்பத்தாறில் நாம் சந்தித்தபோது உளறியிருப்பேனோ என்னவோ.

அண்ணிக்கு அன்பு. நீண்ட ஆயுளோடு இருங்கள்.

பேலா


மால்மோ,
2 செப்டம்பர் 1987

பேலா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோடையில் தோட்ட வேலை, பிறகு குன்வோரின் அக்கா வந்திருந்தாள்.

என்னால் வர முடியாது. வைத்தியர் விமானத்தில் போகக் கூடாது என்கிறார். வந்தும் பயனில்லை. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. காலையிலிருந்து மாலை வரை கிடங்கு, கிடங்குவிட்டால் வீடு. ரிப்பன் பற்றி நீதான் சொல்லியிருப்பாய்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நம் வீட்டு அழுக்கை ஒரு ஜெர்மன்காரி முன்னால் எதற்கு உதற வேண்டும்? அவளுக்குப் பரிசு கிடைக்கும். உனக்கு என்ன கிடைக்கும்? அந்தச் சுருள்களில் என்னென்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? ஒருமுறை திரையில் ஏறிவிட்டால் இறக்க முடியாது. யோசித்துச் செய்.

இம்மாதம் வரும் நம் யூதப் புத்தாண்டு இனிமையாக அமையட்டும்.

ஹெனெக்


ஹைஃபா,
25 அக்டோபர் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தானே? இங்கே முதல் மழை பெய்துவிட்டது.

ரேனாட்டெ வந்தாள். முப்பத்திரண்டு வயது, ஒட்டடைக்கம்பு உயரம். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்: “உங்கப்பா அப்போ எங்க இருந்தார்?”

“ஸ்மோலென்ஸ்க் போர்முனையில. லாரி ரிப்பேர் பண்ணினேன்னு சொல்றார்.”

“நீ நம்புறியா?”

“லாரி ரிப்பேர் பண்ணினார்ங்கிறதை நம்புறேன். அது மட்டும்தானான்னு தெரியல.”

சரி, உள்ளே வா என்றேன். அவள் ஜெர்மனில் பேசினாள், நான் பிடிவாதமாக நம் இட்டிஷ் மொழியில் பதில் சொன்னேன். இரண்டும் ஒட்டிய மொழிகள்தானே, இருவருக்கும் புரிந்தது.

வீடியோ நாடாவில் பதிந்து வந்த சுருள்களை ஓர்னாவின் வீடியோவில் போட்டுக் காட்டினாள். சத்தமில்லாத படம். நான் வாத்துக்கறியைக் கடிக்கிறேன். வெட்டு. அதே தட்டு, அதே துண்டு, மறுபடி முழுசாக. மறுபடி கடிக்கிறேன். மூன்றாவது தடவையில் தட்டை மாற்றும் சீருடைக் கை தெரிகிறது. இன்னொரு துண்டில் இரண்டாவது ஒளிப்பதிவாளன் சுவர்க் கண்ணாடியில் தெரிகிறான், முழுசாக, வாயில் சிகரெட்டோடு! நான் கைதட்டிவிட்டேன், அண்ணா. “மாட்டிக்கிட்டாங்க! மாட்டிக்கிட்டாங்க!” என்று கத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள், காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ரேனாட்டெகூடச் சிரித்தாள். ஓர்னா அழுதுவிட்டாள். இருபது வருஷம் முன்பே நான் சொல்லியிருந்தால் அவளுக்கு இப்படி ஆகியிருக்காது.

ஐந்து சுருளை அன்று பார்த்தோம். மறுநாள் ஆறாவதைப் பார்த்தோம். அது விடுதிக்கு வெளியே எடுத்தது. மங்கல். வேறொன்றுமில்லை.

குளிர் ஆரம்பித்திருக்கும். கழுத்தைச் சுற்றிக்கொள். மாத்திரையை விட்டுவிடாதே.

பேலா


ஹைஃபா,
20 டிசம்பர் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசியில் அண்ணி, “தோட்டத்தில் இருக்கிறார்” என்கிறாள். டிசம்பரில் மால்மோ தோட்டத்தில் என்ன விளைகிறது?

பண்டிகைக்குப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எண்ணெயில் பொரித்த பன்களை எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

சுகமாக இருக்கிறேன் என்றாவது எழுது.

பேலா


மால்மோ,
11 ஜனவரி 1988

என் பேலாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

“வேறொன்றுமில்லை” என்று எழுதியிருந்தாய். நீ பிறந்ததிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். பேசத் தொடங்கினால் தெருமுனை வரை கூட வந்து பேசுகிறவள் நீ. ஆறாவது சுருளை ஒரு வரியில் முடித்தாய் என்றால் அதில் என்னைப் பார்த்துவிட்டாய் என்று அர்த்தம். பத்து வாரம் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

நான் கிடங்கில் மூட்டை தூக்கவில்லை. கெட்டோ போலீஸில் இருந்தேன். நம்மவர்களை வைத்தே நம்மவர்களை அடக்க அவர்கள் நடத்திய அந்தப் போலீஸில். அதில் சேரச் சிபாரிசும் லஞ்சமும் வேண்டியிருந்தது. அம்மா தன் கல்யாண மோதிரத்தைக் கொடுத்துத்தான் எனக்கு அந்தத் தொப்பியை வாங்கினாள். அப்பா டைஃபஸ் காய்ச்சலில் போன மறு மாதம். மோதிரத்தை உருளைக்கிழங்குக்கு மாற்றியதாக உன்னிடம் சொன்னாள். தொப்பியையும் தடியையும் நான் நண்பன் வீட்டில் வைத்துவிட்டு வருவேன். உனக்குத் தெரியவே கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

படமெடுக்க வந்தபோது எங்களில் பன்னிரண்டு பேரை ஒதுக்கினார்கள். கூட்டம் வேண்டுமென்றால் கூட்டம் சேர்ப்போம், ஓட வேண்டுமென்றால் ஓட்டுவோம். எனக்கு அந்தக் குழந்தை. அகதிகள் தங்கியிருந்த கூடத்திலிருந்து மூன்று நாள் காலையில் போய் அழைத்து வந்தேன். பெயர் ஷைண்ட்லா ஸ்டோலார். ஒன்பது வயது. கிரோஹூட்ஸ்கிலிருந்து வந்த தச்சர் மகள். தச்சர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, “சார், இன்னிக்காவது ரொட்டி தருவாங்களா?” என்பாள். தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தரவில்லை.

மூன்றாம் நாள் ஜன்னல் வழியே உன்னைப் பார்த்தேன். பச்சை ரிப்பன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நீ கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நான் மூலையில் சுவரைப் பார்த்து நின்றேன். நீ போனதும் மறுபடி வந்து குழந்தையை அதே இடத்தில் நிறுத்துவேன். “இங்க நில்லு. கையை இன்னும் நீட்டு.” ஐந்து தடவை. நீ பார்த்த சுருளில் இருப்பது அதுதான்.

என் சட்டைப்பையில் அன்று கால் ரொட்டி இருந்தது. அதை அவளுக்குக் கொடுக்கவில்லை. அது அம்மாவுக்கும் உனக்கும்.

ஜூலையில், நம்மவர்களைக் கொலைமுகாமுக்கு ஏற்றிப் போகும் ரயில்கள் தொடங்கின. மூன்றாம் நாள் தொப்பியைச் சாக்கடையில் எறிந்தேன். அந்த முதல் மூன்று நாட்களைப் பற்றி என்னால் உனக்கு எழுத முடியாது.

இனி எனக்கு எழுத வேண்டாம் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

ஹெனெக்


ஹைஃபா,
1 பிப்ரவரி 1988

அன்புள்ள ஹெனெக் அண்ணாவுக்கு,

எழுதுவேன். உன்னிடமிருந்து தப்பிக்க அவ்வளவு சுலபமா?

முதலில் என் குற்றத்தைக் கேள். ஆறாவது சுருளில் உன் முகத்தைப் பார்த்ததும் நான் வீடியோவை நிறுத்தினேன். ஓர்னா சமையலறையில் இருந்தாள். ரேனாட்டெயிடம், “இந்தச் சுருள் வேண்டாம். எடுத்துரு” என்றேன்.

அவள் சொன்னாள்: “பேலா அம்மா, இருக்கிறதிலேயே பெரிய சாட்சி இதுதான். குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துறது இதுல மட்டும்தான் தெரியுது.”

“தெரியும். எடுத்துரு. அது எங்க அண்ணன்.”

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ நானும் அவங்களை மாதிரி எனக்கு வேண்டியதை வெச்சுக்கிட்டு, வேண்டாததை வெட்டணுமா?”

அவளை வெளியே போகச் சொல்லிவிட்டேன். போனாள். மூன்று மாதம் நானும் அவளுக்கு எழுதவில்லை.

இரண்டாவது குற்றம். அந்தக் கால் ரொட்டி எனக்கு நினைவிருக்கிறது. அன்று மாலை நீ கொண்டுவந்தாய், மேஸ்திரி கொடுத்ததாகச் சொன்னாய். மூட்டை தூக்குகிறவனுக்கு எந்த மேஸ்திரி ரொட்டி கொடுக்கிறான்? உன் தோளில் ஒரு சிராய்ப்பு இல்லை. உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இல்லை. நான் முட்டாள் இல்லை. கேட்டால் ரொட்டி நின்றுவிடும். அதனால் கேட்கவில்லை. விடுதியில் வாத்துக்கறி தின்றுவிட்டு வந்தவள், வீட்டில் அந்த ரொட்டியையும் தின்றேன். அம்மா மூன்றாகப் பிய்த்தாள். எனக்குப் பெரிய துண்டு.

ஆகவே என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. மன்னிக்க நான் யார்? ஷைண்ட்லாவிடம்தான் கேட்க வேண்டும், அதற்கு வழியில்லை.

ஆனால் ஒன்று. நீ வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும்வரை அவர்கள் படம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் எழுதிய கதையே அதுதானே: பார், யூதன் யூதனை எப்படி நடத்துகிறான். கேமராவைத் தூக்கியவன் யார், சவுக்கை வைத்திருந்தவன் யார், மதிலைக் கட்டியவன் யார், அதை மட்டும் காட்டவில்லை. நீ சொல். உன் வாயால், உன் பெயரோடு சொல். நீ செய்ததைக் குறைக்காதே. அவர்கள் செய்ததையும் நீ சுமக்காதே.

ரேனாட்டெயின் முகவரி கீழே இருக்கிறது. நேற்று அவளுக்கு எழுதினேன், ஒரே வரி: “வெட்டாதே.”

அண்ணியிடம் முதலில் சொல். சினிமாக் கொட்டகையில் அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஆயுசோடு இரு.

உன் தங்கை
பேலா


மால்மோ,
17 ஏப்ரல் 1988

அன்புள்ள பேலாவுக்கு,

நலம். குன்வோரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹெர்ரிங் மீன் சாப்பிட்டு முடித்ததும். அரை மணி நேரம் பேசினேன். தட்டுகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சுது.”

“நாப்பது வருஷமா தூக்கத்துல யாரையோ, ‘இங்க நில்லு, இங்க நில்லு’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கே. போலிஷ்ல. கல்யாணமான ரெண்டாம் வருஷமே ஒரு போலந்துக்காரிகிட்ட அர்த்தம் கேட்டுக்கிட்டேன். யாரைன்னு மட்டும்தான் தெரியாம இருந்துது.” ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். “ஷைண்ட்லாவா? அழகான பேர்.”

பிறகு போய் உள்ளே படுத்துக்கொண்டாள். சாயங்காலம்வரை எழவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “அந்தப் பொண்ணு எப்ப வருது? சோபா உறையைத் துவைக்கணும்” என்றாள்.

ரேனாட்டெ வந்தாள். இரண்டு நாள் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். உனக்கு எழுத முடியாத அந்த மூன்று நாட்களையும் சொன்னேன். நடுவில் அவள் கேட்டாள்: “முகத்தை மறைக்கணுமா? பேரை மாத்தணுமா?”

“பேர் போடுங்க. ஹெனோக் ஃபைன்மெஸர். எழுத்துப்பிழை இல்லாம போடுங்க” என்றேன்.

பிள்ளைகளுக்கு முத்தம். ஃப்ரீடாவையும் விசாரித்ததாகச் சொல்.

ஹெனெக்


மால்மோ,
20 நவம்பர் 1988

அன்புத் தங்கை பேலாவுக்கு,

உன் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா? விழுவதற்கு நல்ல நேரம் பார்த்தாய். நீ வந்திருக்க வேண்டிய இடம் அது. ஆகவே ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

ஹாம்பர்க்கில் போன செவ்வாய் படம் போட்டார்கள். நாற்பத்தைந்தில் லூபெக் துறைமுகத்தில் கப்பல் ஏறியபின் அந்த மண்ணில் நான் கால் வைக்கவில்லை. எல்லை கடக்கும்போது குன்வோர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னூறு பேர் கொள்ளும் கொட்டகை, நிறைந்திருந்தது. நாங்கள் மூன்றாவது வரிசையில்.

நீ சிரிப்பது, தட்டு மாறுவது, கண்ணாடியில் சிகரெட்டுக்காரன் எல்லாம் வந்தது. பிறகு ஆறாவது சுருள். இருபத்திரண்டு வயது ஹெனெக் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து வருகிறான். தோளைப் பிடித்து நிறுத்துகிறான். விலகுகிறான். கதவு திறக்கிறது. நீ. பிறகு கிழவன் ஹெனெக் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறான். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கைதட்டல் இல்லை.

ரேனாட்டெ மேடைக்குப் போனாள். எழுபது வயதிருக்கும் ஒருவர் எழுந்தார். நல்ல கோட்டு, நல்ல கழுத்துப்பட்டை. மரியாதையாகத்தான் கேட்டார்: “படம் நல்லா இருக்கு. ஆனா குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துனது ஜெர்மன்காரன் இல்லையே. அவங்க ஆளுதானே? அவரே ஒத்துக்கிறாரே. அப்புறம் எங்களை மட்டும் எதுக்குச் சொல்லணும்?”

ரேனாட்டெ வாயைத் திறந்தாள். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

“அந்த ‘அவங்க ஆளு’ நான்தாங்க” என்றேன், ஜெர்மனிலேயே. அந்த மொழியை எனக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று உனக்குத் தெரியும்.

எல்லாத் தலையும் திரும்பியது. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். படம் ஓட்டுபவரைப் பார்த்து, “தம்பி, அந்த வாசல் காட்சியை நிறுத்தி வைக்க முடியுமா?” என்றேன்.

மேலேயிருந்து குரல் வந்தது: “நிறுத்தினா ஃபிலிம் கருகிடும் சார்.”

“அப்போ திரும்பத் திரும்ப ஓட்டுங்க. அவங்க அஞ்சு தடவை எடுத்தாங்க. நாமளும் அஞ்சு தடவை பார்ப்போம்.”

சுருளைப் பின்னுக்குச் சுற்ற ஒவ்வொரு முறையும் நேரமாயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள்.

முதல் தடவை ஓடியது. “இது ஹெனோக் ஃபைன்மெஸர். கெட்டோ போலீஸ். இவன் பையில ரொட்டி இருந்துது, கொடுக்கல. இவன் செஞ்சதுக்கு இவன்தான் பொறுப்பு” என்றேன்.

இரண்டாவது தடவை. “இது என் தங்கச்சி பேலா. சிரிக்கிறான்னு நினைக்காதீங்க, வாந்தியை அடக்கிக்கிட்டு இருக்கா.”

மூன்றாவது தடவை. “இவர் அந்த இரவல் கோட்டுக்காரர். பேரு தெரியாது. உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, எழுதி வெச்சுக்கிறேன்.”

நான்காவது தடவை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன். “ஷைண்ட்லா ஸ்டோலார். ஒன்பது வயசு. கிரோஹூட்ஸ்க். தச்சர் மக. பிச்சைக்காரி இல்லை. அந்த வாசலுக்குத் தானா வரல.” அந்தக் கொட்டகையில் அவள் பெயரை இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும்.

ஐந்தாவது தடவை. படத்தின் இடது ஓரத்தில், நீ வெளியே வரும்போது, ஒரு கை நீளும். பார்த்திருப்பாய். மணிக்கட்டு வரை சீருடை, பிடியில் சவுக்கு. அந்த இடத்தில் திரையை விரலால் தொட்டேன்.

“இது யாரு?” என்று கேட்டேன்.

விரலை எடுக்கவில்லை.

“எங்க பக்கத்துப் பேரையெல்லாம் நாங்க சொல்லிட்டோம். வெக்கக்கேடான பேரையும் சொல்லிட்டோம். இந்தக் கைக்கும் ஒரு பேர் இருக்கும். அன்னிக்கு இருபத்தஞ்சு வயசுன்னா இன்னிக்கு எழுபத்தொண்ணு. உயிரோட இருக்கலாம். இதே ஊர்ல இருக்கலாம். இவர் வீட்டுல பொண்டாட்டி இருக்கலாம், பிள்ளைங்க இருக்கலாம், போட்டோ ஆல்பம் இருக்கலாம். யாருக்குத் தெரியும் இவரை?”

கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்காரர் ஓரமாக வந்து, அடுத்த காட்சிக்கு நேரமாகிறது என்று ரேனாட்டெயின் காதில் சொன்னார். “ஆகட்டும்” என்றாள் அவள், அசையாமல்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பன்னிரண்டு நிமிஷம் என்கிறாள் குன்வோர். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. சுவரைப் பார்த்து நின்றவன் அல்லவா நான்? அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் முன்னூறு முகங்களையும் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன், பேலா. அவர்கள்தான் கீழே பார்த்தார்கள்.

அடுத்த வாரம் படம் கொலோனுக்குப் போகிறது, அதன்பின் மூனிக்குக்கு. ரேனாட்டெ எனக்கும் ரயில் சீட்டு எடுத்துவிட்டாள். ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கை வரும் இடத்தில் எழுந்து போய் அதே கேள்வியைக் கேட்கப் போகிறேன். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

ஓர்னாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. சீக்கிரம் எழுந்து நட.

உன் அண்ணன்
ஹெனோக் ஃபைன்மெஸர்